ஏழு மணி மரண அறிவித்தல்

சாவுச் செய்தி கேட்பதற்கு மாதாமாதம் காசு கட்டுகிற மனிதரை நான் பார்த்தது ஆக்லண்டில்தான். பெயர் குலசிங்கம். வயது ஐம்பத்தெட்டு. தகனினியில் வீடு. நான் கோதண்டராமன், மனுரேவாவில் வாடகைக்கு இருப்பவன். எங்கள் இருவருக்கும் வேலை துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ரோஸ்டேலில் ஒரே கிடங்கில். அவர் லாரிகளில் சரக்கு ஏற்றி அனுப்பும் பகுதிக்கு சூப்பர்வைசர். நான் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவன். எங்கள் வீட்டிலிருக்கும் ஒரே காரை என் மனைவி லக்ஷ்மிப்ரியா ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்துப் போய்விடுவதால், இரண்டு வருடமாக அவருடைய காரில் தொற்றிக்கொண்டு போகிறேன். பெட்ரோலில் பாதி என்னுடையது. ஓசிப் பயணம் இல்லை, அதனால் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குறை சொல்ல நிறைய இருந்தது. கார் ஜப்பானிலிருந்து வந்த பழசு. அதிலிருக்கும் ரேடியோவில் எண் தொண்ணூறுக்கு மேல் நகராது, இந்த ஊரின் பாதி நிலையங்கள் தொண்ணூறுக்கு மேல்தான் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் ஒரு ஜப்பான்காரி கண்டிப்பான குரலில் ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று இருவருக்கும் தெரியாது. முப்பது டாலருக்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கி மாட்டினால் ரேடியோ சரியாகிவிடும். ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இவர் அதைச் செய்யாமல், லண்டனிலிருந்து வரும் ஒரு தமிழ் வானொலிக்குச் சந்தா கட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அதைக் கேட்க வீட்டுக் கூரையில் தட்டு வைக்க வேண்டியிருந்ததாம். இப்போது அது செல்போனில் வந்து காரின் ஸ்பீக்கரில் பேசுகிறது. அவருக்கு மட்டும் அது இன்னும் சாட்டலைட் ரேடியோ.

பாட்டு வருமே என்று ஆரம்பத்தில் ஆசைப்பட்டேன். வந்தது, ஆனால் நாங்கள் வேலைவிட்டுத் திரும்பும்போது. காலை ஏழு மணிக்கு, அதாவது லண்டனில் இரவு எட்டுக்கு, மரண அறிவித்தல். யாழ்ப்பாணம் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் இறைவனடி சேர்ந்தார். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் மாமனாரும், மைத்துனரும், பெரியப்பாவும், பாட்டனாரும்... ஒரு சாவுக்கு மூன்று நிமிடம். ஒரு நாளைக்கு ஐந்தாறு சாவு. காலங்கார்த்தாலே இது தலையெழுத்தா என்று வெறுத்துப்போகும். அவரோ இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட் கேட்பவர் போலக் கேட்பார். நடுவில் நான் தும்மினால்கூடப் பிடிக்காது.

ஜூன் மாதம் சந்தாவை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். அந்த ஞாயிறு அவர் வீட்டுக்கு ஏதோ வாங்கப் போயிருந்தேன். அவர் மனைவி செல்வநாயகி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களாவது சொல்லுங்கோ தம்பி. மோட்கேஜ் கட்டவே மூச்சு முட்டுது. இவர் செத்தவீட்டுக்குச் சந்தா கட்டுறார்."

"அதெல்லாம் வெப்சைட்ல சும்மாவே போடறாங்கக்கா" என்று நானும் எண்ணெய் ஊற்றினேன்.

 மறுநாள் நியூமார்க்கெட் மேம்பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது குலசிங்கம் தானாகவே பேசினார்.

"வாசிக்கேக்கை கண் நேரே பேரைத் தேடி ஓடிப்போயிடும், தம்பி. காது அப்பிடி ஓடாது. கடைசி வரைக்கும் காத்திருக்கவேணும். எனக்கு அப்பிடிக் காத்திருந்துதான் கேக்கவேணும்."

"யாரோட பேரண்ணே?"

"என்ர பேர்."

அவருக்கு ஒரே ஒரு அக்கா, நாகபூசணி. லண்டனில் ஹரோவில் இருக்கிறார். பதினேழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஊரில் அப்பா இறந்தபோது மரண அறிவித்தலை எழுதிக் கொடுக்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. ஊருக்குப் போய் அவரைக் கவனித்துக்கொண்ட அக்காவின் கணவர் குணரத்தினம் அதற்கு முதல் வாரம்தான் தொலைபேசியில், "உன்ர அப்பரை ஆஸ்பத்திரியிலை வைச்சுப் பாத்தது நான், நீ ஃபோனிலை அழுததுதான் மிச்சம்" என்று சொல்லியிருந்தாராம். அந்த ஆத்திரத்தில் இவர், 'குணரத்தினத்தின் அன்பு மாமனாரும்' என்ற ஒரு வரியை அடித்துவிட்டு அனுப்பினார். ஒரு வரிதான். வானொலியில் வாசித்து முடிப்பதற்குள் மூன்று நாட்டிலிருந்து அக்காவுக்குத் தொலைபேசி: மருமகன் பெயர் எங்கே, என்ன சண்டை, பிரிந்துவிட்டார்களா? அன்று இரவு அக்கா கூப்பிட்டார். "தெரியாமல் விடுபட்டது எண்டு ஒரு சொல்லுச் சொல்லடா" என்று கேட்டாராம். இவர், "தெரிஞ்சுதான் வெட்டினனான்" என்றாராம்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"வாய்க் கொழுப்பு."

பிறகு இரண்டு முறை இவர் கூப்பிட்டிருக்கிறார். குரல் கேட்டதும் அக்கா வைத்துவிட்டார். மூன்றாவது முறை கூப்பிட மானம் விடவில்லை. "அவவின்ர அறிவித்தலிலை 'குலசிங்கத்தின் அன்புச் சகோதரியும்' எண்டு வந்துதெண்டால் என்னை மன்னிச்சிட்டா எண்டு அர்த்தம். வராட்டில், இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியவேணும்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கிற அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை, அவர் செத்தபிறகு ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு ஒரு மனிதன் காத்திருக்கிறான். அதற்குச் சந்தா வேறு.

"அண்ணே, உங்க பேரை நீங்க கேக்கணும்னா அவங்க சாகணுமே" என்று கேட்டுவிட்டேன்.

 அன்றைக்குச் சாயங்காலம் வீடு திரும்பும்போது அவர் ரேடியோவைப் போடவில்லை. இந்த வாயை வைத்துக்கொண்டு அவருடைய வாயைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

ஜூலையில் லின்ஃபீல்டில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ அவரிடம் சொன்னார்கள், நாகபூசணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள் என்று. அதற்குப் பிறகு நான் விடவில்லை. போன் பண்ணுங்க, பிளேன் டிக்கெட் போடுங்க, ஒரு கடுதாசியாவது எழுதுங்க என்று தினமும் நச்சரித்தேன். "பாப்பம்" என்பார். ஒரு நாள் பாப்பாகுரா பக்கம் விபத்து நடந்து வண்டிகள் எறும்பாக ஊர்ந்தபோது, போனை எடுத்து எண்ணைக்கூட அழுத்தினார். மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டார்.

"அவ வைச்சிட்டாவெண்டால்? இப்ப வைச்சாவெண்டால் அதுதான் கடைசி" என்றார். "வானொலியிலை எண்டால் ஒரு நம்பிக்கை கிடக்கு."

அவர் எதற்காகக் காசு கட்டினார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. புரிந்தும் என்ன செய்வது? இன்னொருவர் குடும்பச் சண்டைக்குள் எவ்வளவு தூரம்தான் போக முடியும்?

ஆகஸ்ட் இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. விடிந்தும் விடியாத மழை. எல்லர்ஸ்லியைத் தாண்டும்போது ஏழு மணி. அறிவிப்பாளர் பெண் வழக்கமான குரலில் தொடங்கினாள். இரண்டாவது பெயர் அக்காவுடையது.

"யாழ்ப்பாணம் அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் லண்டன் ஹரோவை வசிப்பிடமாகவும் கொண்ட திருமதி நாகபூசணி குணரத்தினம் அவர்கள் செவ்வாய்க்கிழமை இறைவனடி சேர்ந்தார்."

 குலசிங்கம் வைப்பரை நிறுத்தினார், சத்தம் இடைஞ்சலாக இருந்ததோ என்னவோ. கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. "அண்ணே, ரோடு தெரியல" என்றேன். அவர் காதில் விழவில்லை.

"அன்னார், காலஞ்சென்றவர்களான சின்னத்தம்பி அன்னப்பிள்ளை தம்பதிகளின் அன்பு மகளும், குணரத்தினத்தின் அன்பு மனைவியும், யசீகரன், அஸ்வினி ஆகியோரின் பாசமிகு தாயாரும், காலஞ்சென்ற குலசிங்கத்தின் அன்புச் சகோதரியும் ஆவார்."

நான் சரியாகக் கேட்டேனா என்று எனக்கே சந்தேகம். அவர் வைப்பரைப் போட்டார். கிரீன்லேனில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்க்கின் ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"என்ன சொன்னவள்?" என்று என்னைக் கேட்டார்.

"தப்பா படிச்சிட்டாங்கண்ணே. அப்பா அம்மாவுக்குப் போட்ட 'காலஞ்சென்ற'ங்கறதை உங்களுக்கும் சேத்துப் படிச்சிருப்பாங்க."

அதற்குள் தொடர்புக்கு என்று மகன் யசீகரனின் எண்ணை இரண்டு முறை வாசித்தார்கள். குலசிங்கம் முதல் தடவையிலேயே அதை அழுத்திவிட்டார். மணி அடிப்பது கார் ஸ்பீக்கரில் கேட்டது. எடுத்தது ஓர் இளைஞன். அழுது ஓய்ந்த குரல்.

"ஹலோ?"

"தம்பி, நான் நியூசிலாந்திலை இருந்து கதைக்கிறன். இப்பதான் ரேடியோவிலை கேட்டனான்."

"நியூசிலாந்தோ? தேங்க்ஸ் அங்கிள். அம்மாவை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

குலசிங்கம் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. அந்தப் பையனே பேசினான்.

"எங்கட மாமாவும் அங்கைதான் இருந்தவர். குலசிங்கம் மாமா. அவரைத் தெரிஞ்ச ஆளோ நீங்கள்?"

"ஓம்" என்றார்.

"ரியலி? எனக்கு அவரைச் சரியா ஞாபகம் இல்லை அங்கிள். நான் சின்னப் பெடியனா இருக்கேக்கை அவர் செத்திட்டார் எண்டு அம்மா சொன்னவ. எப்பிடி எண்டு கேட்டால் அழுவா, அதாலை நாங்கள் பிறகு கேக்கிறேல்லை. அப்பாவுக்கு இப்ப ஒண்டும் ஞாபகமில்லை. மாமா எப்பிடிச் செத்தவர், அங்கிள்?"

நான் கையை நீட்டி, அவர் உயிரோடு இருக்கிறார் என்று கத்தப் போனேன். குலசிங்கம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எலும்பு நொறுங்கும் பிடி.

"கோபத்தாலை" என்றார்.

"என்ன? ஹார்ட் அட்டாக்கோ?"

"ஓம் தம்பி. அப்பிடித்தான்."

 அந்தப் பக்கம் யாரோ தேநீர் வேண்டுமா என்று கேட்பது தூரத்தில் கேட்டது.

"அம்மா சாமியறையிலை மாமான்ர படம் வைச்சிருக்கிறா, மாலை போட்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தானே துடைப்பா, எங்களைத் தொட விடமாட்டா. ஞாயிற்றுக்கிழமைதான் ஃபியூனரல். அந்தப் படத்தைத் தன்ர பெட்டிக்குள்ளை வைக்கச் சொல்லிச் சொன்னவ. அது சரியோ அங்கிள்? அப்பிடி வைக்கிறதோ? இஞ்சை கேக்கிறதுக்கு எங்களுக்குப் பெரியாக்கள் ஒருத்தரும் இல்லை."

"வையுங்கோ தம்பி" என்றார் குலசிங்கம். "அவ கேட்டவவெண்டால் வையுங்கோ."

அவன் நன்றி சொன்னான். பெயரைக் கேட்டான். இவர் என் பெயரைச் சொன்னார். கோதண்டராமன் என்று அவன் இரண்டு தரம் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டான்.

அழைப்பு முடிந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "மறுபடி போன் போடுங்கண்ணே! நான்தான்டா உன் மாமான்னு சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள பிளேன் பிடிச்சாப் போயிடலாம்!"

"போய்?" என்றார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கலங்கவில்லை. "தாயைக் கொளுத்தப் போற பெடியனிட்டை, உன்ர அம்மா பதினேழு வருசமாப் பொய் சொன்னவ எண்டு சொல்லச் சொல்லுறீரோ? அக்கா என்னைப் பேசினாலும் பரவாயில்லை, பொய்க்காரி எண்டு பேர் வாங்கிப் போகக் கூடாது."

"அப்ப செத்துப்போனவர்ங்கற பேர் மட்டும் உங்களுக்காண்ணே?"

 தன் பிள்ளைகளிடம் தம்பியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லாமல் இருக்க, அவரைச் சாகடிப்பதைத் தவிர அக்காவுக்கு வேறு வழி தெரியவில்லை போலும். அதை மன்னிப்பு என்பதா, தண்டனை என்பதா? நான் இன்றுவரை முடிவு செய்யவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

வண்டியைக் கிளப்பினார். வடக்கே போகும் வழியை விட்டுத் தெற்கே திருப்பினார்.

"உம்மை ஸ்டேஷனிலை இறக்கி விடுறன், நீர் ட்ரெயினிலை சிட்டிக்குப் போய் பஸ் பிடியும். நான் இண்டைக்கு வேலைக்கு வரேல்லை. வீட்டை போய்த் தலை முழுகவேணும்."

எங்கள் பக்கம் தீட்டு என்பதை அவர்கள் துடக்கு என்பார்கள். ரத்த சொந்தம் இறந்த செய்தி காதில் விழுந்தால் குளிக்க வேண்டும், கோயிலுக்குப் போகக் கூடாது, நல்லது கெட்டதில் கலந்துகொள்ளக் கூடாது. எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அறிவித்தலுக்குப் பிறகு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

"அவங்க கணக்குல நீங்க இல்லவே இல்லையேண்ணே" என்றேன்.

"பேரை வெட்டலாம் தம்பி. நானும் வெட்டினனான்" என்றார். "துடக்கை ஆரும் வெட்டேலாது. செத்தது என்ர அக்கா."