ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் சுவர்க்கோழி

ஏழாவது நாளாக மர்சலின் துடைப்பத்தின் அடிப்பக்கத்தால் ஃபிரிஜ்ஜை இரண்டு தட்டுத் தட்டினாள். சத்தம் நின்றது. திரும்பி வந்து வெங்காயத்தைக் கையில் எடுத்ததும் மறுபடி க்ரீ, க்ரீ. பல்லுக்குள் ஊசி இறங்குவது போலிருந்தது.

"ஏங்க, இப்பவாவது வந்து கேளுங்க."

ஆம்ப்ரோஸ் கூடத்திலிருந்து எழுந்து வந்தார். சாந்தோமில் அவர்கள் இருந்த அந்தப் பழைய கட்டடத்தில், அவர் நடந்தாலே அலமாரிப் பாத்திரங்கள் லேசாக ஆடும். சமையலறை வாசலுக்கு அவர் வருவதற்குள் அது அடங்கிவிட்டது.

"ஒண்ணும் இல்லையே, மர்சி."

"நீங்க வந்தா நின்னுடுது."

"எனக்கு பயந்துக்கிட்டா? உனக்குத்தான் தூக்கம் பத்தல."

ஒரு வாரமாக இதே பதில். முப்பத்திரண்டு வருஷமாகக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். எந்தக் குரல் சுருதி விலகினாலும் பிடித்துவிடுவார். அவரே இல்லை என்றால் தனக்குத்தான் ஏதோ கோளாறோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. பூச்சியைவிட அதுதான் எரிச்சலாக இருந்தது.

மாடி வீட்டு உம்மே ஹானி, வாங்கிப் போன குக்கரைத் திருப்பித் தர வந்தாள். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். வாசலிலேயே, "சுவர்க்கோழி புகுந்துடுச்சா ஆன்ட்டி?" என்றாள்.

மர்சலினுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "அவர்கிட்ட சொல்லும்மா. என்னைப் பைத்தியம்ங்கிறாரு."

"அதுக்குக் காது முன்னங்கால்லதான், அங்கிள். தரை அதிர்ந்தாலும் காலுக்குத் தெரிஞ்சிடும். நீங்க நடந்தா நிறுத்திடும். கொஞ்சம் அசையாம உக்காருங்க."

விளையாட்டுக்கு இணங்குகிறவர் போல ஆம்ப்ரோஸ் சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, முன்னைவிடப் பலமாகத் தொடங்கியது. பெண்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஃபிரிஜ் பக்கம் திரும்பினார்கள்.

"இப்ப சொல்லுங்க." ஏழு நாள் கோபமும் மர்சலினின் குரலில் இருந்தது.

"என்னத்த சொல்ல? இன்னும் ஆரம்பிக்கலையே."

உம்மே ஹானி தலை குனிந்துகொண்டாள். பிறகு குக்கரை மேடையில் வைத்துவிட்டு, வருகிறேன் என்று கையால் காட்டிவிட்டுப் போய்விட்டாள். ஆம்ப்ரோஸ் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பு எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜெயித்த மாதிரியும் அவளுக்கு இல்லை.

"போன வாரம் குழுவுல பாடுற பொண்ணு கரோலை எல்லார் முன்னாடியும் திட்டினேன்," என்றார். "பாட்டுல சகரமே வரல, நீ வார்த்தைய முழுங்குறேன்னு. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே போச்சு. தப்பு என் காதுலதான் போல."

மர்சலினின் கண் ஃபிரிஜ் பக்கம் போய் வந்தது.

"இப்ப கத்துதா?"

தலையசைத்தாள்.

"எப்படி இருக்கு?"

நாசமாய்ப் போகட்டும் என்று ஒரு வாரமாகச் சபித்த சத்தத்தை, உதட்டைக் குவித்து, வெட்கத்தோடு அவள் செய்து காட்டினாள்.

"ஒரு மூச்சுக்கு எத்தனை? மூணா, நாலா?"

அவள் காது கொடுத்து எண்ணினாள். "மூணு. அப்புறம் ஒரு இடைவெளி."

ஆம்ப்ரோஸ் அவள் உதடுகளைப் பார்த்தபடி, முழங்கால்மேல் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம்.