உட்காரச் சொல்லாமல் போனவர்

சேவூருக்குக் கிழக்கே இருக்கும் செங்காட்டுப்பாளையத்தில் சித்திரைக் கடைசியிலிருந்து ஆடி பாதி வரைக்கும் முந்நூறு பேர் உட்காரவில்லை. விரதமும் அல்ல, போராட்டமும் அல்ல. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். இடுப்பு மடங்கும், முழங்கால் மடங்கும், நாற்காலிக்கு ஒரு சாண் இருக்கும்போது உடம்பு தானாக நிமிர்ந்துகொள்ளும். படுக்கலாம், எழுந்தால் நேராக நிற்கத்தான் வேண்டும். குத்தவைப்பது உட்காருவதில் சேராது என்பது மறுநாள் விடியற்காலையிலேயே தெரிந்துவிட்டதால் ஊர் ஒரு பெரிய சங்கடத்திலிருந்து தப்பியது.

எல்லாம் உயர்நிலைப் பள்ளியை மூடியதால் வந்தது. ஊர்ப் பிள்ளைகள் மஞ்சள் வேன் ஏறி அவிநாசிக்கு இங்கிலீஷ் படிக்கப் போய்விட்டதில், கடைசி வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு பெண் இருந்தாள். அவளே லீடர், அவளே முதல் ரேங்க், அவளே கடைசி ரேங்க். மூடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்கள் கூடினார்கள். வேலம்பாளையத்துக்குக் குடிபோனவர்கள்கூடப் பிள்ளைகுட்டிகளை விட்டுவிட்டு வந்தார்கள். நடுவிலிருந்த தட்டிகளை எடுத்துவிட்டால் எல்லா வகுப்பும் ஒரே ஹாலாகிவிடும் பள்ளிக்கூடம் அது. தட்டியில்லாத நாட்களில் ஏழாம் வகுப்பில் இருந்துகொண்டே பத்தாம் வகுப்புக் கணக்குக்கு விடை சொன்னவர்கள் உண்டு. வந்தவர்கள் காம்பஸால் செதுக்கிய தங்கள் பெயர்களைப் பெஞ்சில் தேடினார்கள். எறிபந்தில் அவிநாசியை அழவைத்த பெண்கள் அணி, இப்போது ஆளுக்கொரு மூட்டுவலியோடு, கோடு போட்டு ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தது. பனியன் கம்பெனி முதலாளி திருமூர்த்தி தன் பழைய இடத்தில் போய் நுழைந்து, தொந்தி பெஞ்சுக்கும் டெஸ்குக்கும் நடுவே சிக்கி, நாலு பேர் இழுத்துத்தான் வெளியே வந்தார். பிறகு மறுபடியும் போய் நுழைந்துகொண்டார்.

அப்போது தலைமையாசிரியர் சாமியப்பன் உள்ளே வந்தார். புவியியல் வாத்தியாராகச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தவர். அவரைப் பார்த்ததும் முந்நூறு பேரும் எழுந்து, "வ...ணக்கம் அய்...யா" என்று இழுத்த இழுப்பில் ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. சாமியப்பன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். திரும்பி நடந்து போய், பூட்டையும் சாவியையும் ஒப்படைத்துவிட்டு, மூலனூரில் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். பாவம், மனசு தாங்கவில்லை என்று பேசிக்கொண்டே எல்லோரும் தக்காளி சாதத்தை நின்றபடி தின்றார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. எழுந்தவர்களை அவர் உட்காரச் சொல்லவில்லை.

நின்றால் கால் கடுக்கும், கடுத்தால் நடக்க வேண்டும். அதனால் ஊரே நடந்தது. டீக்கடை பெஞ்ச் காலியாகக் கிடக்க, டம்ளரோடு சாலையில் போய் வந்தார்கள். சீரியலை டிவிக்குக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தார்கள். சும்மா கிடந்த நாய்களும் இதைக் கண்டு நிலைகொள்ளாமல் அலைந்தன. திருப்பூர் பஸ்ஸில் சீட்டெல்லாம் காலி, படிக்கட்டு வரை கூட்டம். கண்டக்டர் முதல் வாரம் திட்டினார், இரண்டாவது வாரம் பழகிவிட்டார். திருமூர்த்தி கம்பெனியில் டெய்லர்கள் ஒற்றைக் காலில் நின்று மறுகாலால் மெஷினை மிதித்ததில் கழுத்துப் பட்டியெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று. அவர் மெஷின்களை ஹாலோ பிளாக் மேல் ஏற்றிவைத்தார். பீகார்ப் பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் வழக்கம்போல் உட்கார்ந்து தைத்தார்கள். இவர்களை நிமிர்ந்து பார்க்கத்தான் கூச்சப்பட்டார்கள்.

பழனாத்தாள் மட்டும் ஊரில் ஒரு நாற்காலி விடாமல் உட்கார்ந்து பார்த்தாள். "பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாம இருந்ததுக்கு இன்னைக்குத்தான் பலன் கெடச்சிருக்குது. படிச்சவியெல்லாம் நில்லுங்க சாமி" என்று கேலி பேசினாள். மகள் சத்யப்பிரியாவை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போய்வந்த நாளோடு அவள் கேலி நின்றது.

சத்யப்பிரியா திருமூர்த்தி கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பள்ளிக்கூடத்தில் கூடிய அன்று வயிற்றில் ஐந்து மாதம். இப்போது எட்டு. கால் இரண்டும் பூசணிக்காய்போல் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது, எழுந்தால் நிற்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, குழந்தை நட்டமாக நிற்கிறது என்றார். தலை கீழே வரவேண்டும், வருகிற மாதிரித் தெரியவில்லை. ரத்த அழுத்தம் இருக்கிற இருப்பில் கத்தி வைக்கவும் பயமாக இருக்கிறது. முதலில் இந்தப் பெண் உட்கார்ந்தாக வேண்டும் என்றார். தாய் எழுந்தபோது பிள்ளையும் எழுந்துவிட்டது என்பதில் ஊருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அதற்குள் திருமூர்த்தி இரண்டு தரம் மூலனூர் போய்த் தோற்றுத் திரும்பியிருந்தார். முருங்கைக்காய் மார்க்கெட்டில் கட்டுகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்த சாமியப்பனின் பின்னாலேயே அவரும் நடந்து, "ஏனுங்க சார், ஒரே ஒரு வார்த்தைங்க. சொல்லிப்போட்டு வந்துருங்க" என்று கெஞ்சினார்.

"ஒரு வார்த்தையில முடியாது திருமூர்த்தி. அதுக்கப்பறம் முக்கா மணி நேரம் இருக்குது. உக்காருங்கன்னு சொல்லிப்போட்டுப் பாடம் எடுக்காம நான் ஒரு நாளும் எறங்குனதில்ல. ஸ்கூலைப் பூட்டியாச்சு. எங்க வெச்சு எடுக்கட்டும்?"

"கம்பெனியில வெச்சு எடுங்க சார்."

"நெனச்ச எடத்துல எடுக்கறதுக்கு அது என்ன சீட்டாட்டமா?" என்றார் சாமியப்பன். போனையும் அணைத்துவிட்டார்.

கடைசியில் சத்யப்பிரியாவே பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஆண்கள் எழுந்து இடம் கொடுக்க, அவள் வேண்டாங்க, வேண்டாங்க என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே மூலனூர் வரை நின்றாள். சாமியப்பன் வாசலில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அவள் காலைப் பார்த்ததும் நடை நின்றது. அவள் ஸ்கேன் படத்தை நீட்டினாள். படத்தில் குழந்தை பிரேயருக்கு நிற்பதுபோல் கைகளைப் பக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டு நேராக நின்றது.

"இது எந்த செட்டு?" என்றார் பழக்கதோஷத்தில்.

"இன்னும் சேரவே இல்லீங் சார். இதுக்கு மட்டுமாச்சும் சொல்லிருங்க."

சாமியப்பன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். "ஒருத்தருக்கு மட்டும் சொல்ற பழக்கமில்ல கண்ணு. எல்லாத்தையும் கம்பெனிக்கே வரச் சொல்லு" என்றார்.

மறுநாள் கம்பெனியின் கட்டிங் ஹாலில் துணி ரோல்களும் அட்டைப்பெட்டிகளும் வரிசையாகப் போடப்பட்டன. சத்யப்பிரியாவுக்கு மட்டும் முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சாமியப்பன் உள்ளே நுழைந்தார். நின்றுகொண்டிருந்தவர்கள் மறுபடியும் வணக்கம் சொன்னார்கள். இந்த முறை அவர் வாயைத் திறந்து, "உட்காருங்க" என்றார். முந்நூறு பேர் ஒன்றாக உட்கார்ந்த சத்தத்தில் பக்கத்து நிட்டிங் கம்பெனிக்காரன் லாரி மோதிவிட்டதென்று ஓடிவந்தான். அழுதவர்கள் இருந்தார்கள், அவர் டஸ்டரால் தட்டுவதுபோல் மேஜையைக் கையால் தட்டியதும் அடங்கினார்கள்.

சுவரில் ஒரு கறுப்புத் துணியை ஆணியடித்து மாட்டச்சொல்லி, கட்டிங் மாஸ்டரின் சாக்பீஸை வாங்கி, தென்மேற்குப் பருவக்காற்றை ஆரம்பித்தார். கேரளாவில் கொட்டிவிட்டுப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறுங்கையோடு நம் பக்கம் வரும் காற்றின் மீது அவருக்கு நெடுநாள் கோபம் உண்டு. அதை நிதானமாகச் சொன்னார். அவருடைய பருவக்காற்றில் தூங்காமல் யாரும் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை. முதலில் கடைசி வரிசையில் தலைகள் தொங்கின. அப்புறம் திருமூர்த்தி. ஓரமாய் வந்து நின்ற பீகார்ப் பையன்கள் பாஷை தெரியாததால் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள். சத்யப்பிரியாவின் கண் சொருகிய நேரத்தில் வயிற்றுக்குள் குழந்தையும் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்து, மற்றவர்களைப் போலவே தலையைக் கவிழ்த்தது.

"என்ன பண்ணுனீங்க? தலை கீழ வந்துருச்சே" என்றார் டாக்டரம்மா.

"ஜியாகரபி கிளாஸுக்குப் போனமுங்க" என்றாள் பழனாத்தாள்.

ஆவணியில் சுகப்பிரசவம். பெண் குழந்தை. அரசாங்கக் கணக்கில் பள்ளிக்கூடம் மூடியதுதான்; அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வகுப்பை முடிக்க மணி அடிக்க வேண்டும், மணியோ பூட்டின கட்டடத்துக்குள் இருக்கிறது. அதனால் ஷிப்ட் முடிந்ததும் கட்டிங் ஹாலில் பாடம் தொடர்கிறது. பருவக்காற்று முடிந்து இப்போது மண்வகைகள் நடக்கின்றன. பழனாத்தாளும் வருகிறாள். சத்யப்பிரியா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்கிறாள். அது பெரும்பாலும் தூங்குகிறது, சாமியப்பன் எழுப்புவதில்லை.