நெஞ்சாங்கட்டையில் இரும்பு

மருது சாம்பலை மறுபடியும் கிளறினான்.

எலும்பெல்லாம் பொறுக்கி, பால் ஊற்றி, கலயத்தின் வாயைத் துணியால் கட்டியாகிவிட்டது. ஆற்றுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. சொந்தக்காரர்கள் சுடுகாட்டு வாசலில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, செத்துப்போன சங்கிலியின் மருமகன் இன்னும் அங்கே என்னதான் செய்கிறான் என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"மாப்ள, எலும்பு பொறுக்குறீகளா, புதையல் எடுக்குறீகளா?" என்று சங்கிலியின் தம்பி அங்கிருந்தே கத்தினார்.

"இந்தா வாரேன் சின்ன மாமா. நீங்க முன்னாடி போங்க."

அவன் கையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் இருந்தது. நெஞ்சுப் பக்கம் இருந்த சாம்பலில் அதை இழுத்தான். ஒன்றும் ஒட்டவில்லை. தலைமாட்டுக்குக் கொண்டுபோனபோது 'டக்'கென்று ஒட்டியது. அவசரமாக எடுத்துப் பார்த்தான். நெற்றியில் வைத்த ஒரு ரூபாய்க் காசு.

அவன் தேடியது ஓர் ஆணியை. எல்லாம் அந்தப் புளியங்கட்டையால் வந்த வினை.

மாமனாரும் மருமகனும் ஆனையூர்ப் பக்கம் ஒரே பட்டறையில் மரம் கடைந்தவர்கள். மாமனாருக்குக் கட்டில் கால், தொட்டில் கட்டை. மருமகனுக்குப் பெரிய ஹோட்டல்கள் கேட்கிற மரக் கிண்ணம். அதற்காகத்தான் போன வருஷம் கொட்டாம்பட்டிப் பக்கம் ரோட்டை அகலப்படுத்த வெட்டிச் சாய்த்த புளியமரங்களில் ஒரு லோடு எடுத்து வந்தான். ரோட்டோர மரம் என்றால் ஆணி இல்லாமல் இருக்காது. டியூஷன் போர்டிலிருந்து கட்சித் தட்டிவரை அதன் மேல்தான் அடிப்பார்கள். அடித்த ஆணியை மரம் விழுங்கிவிட்டுச் சாதுவாக நிற்கும். ரம்பம் படும்போதுதான் தெரியும். அப்படிப் பட்டுத் தெறித்த ஒரு ரம்பப் பல் கிழித்ததுதான் சங்கிலியின் புருவத்தில் இருந்த வடு. ஒரு விரல் கீழே இறங்கியிருந்தால் கண்.

மற்ற கட்டைகளையெல்லாம் தட்டிப் பார்த்து விட்டுவிட்டவர், வைரம் பாய்ந்து கருகருவென்றிருந்த நல்ல கட்டையில் மட்டும் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இதுல இரும்பு இருக்கு. முனையில நீலம் பாரிச்சிருக்கு பாருங்க. வேணாம் மாப்ள."

மருது இரும்பு காட்டும் மிஷினை வாடகைக்கு எடுத்துவந்து கட்டை முழுக்கத் தடவினான். அது வாயே திறக்கவில்லை. "ஆழத்துல கெடக்கும்" என்றார் அவர். ஆர்டர் கொடுக்க வந்த பார்ட்டி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. "நான் அறுக்கத்தான் போறேன்" என்று இவன் சுவிட்சில் கை வைக்க, அவர் மெயினில் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். பார்ட்டி சிரித்துவிட்டது. ஆர்டரும் போனது.

அன்றைக்கு நின்ற பேச்சு. அறுக்காத கட்டை பட்டறை மூலையில் கிடந்தது. அத்தை பாண்டியம்மாள் நடுவில் நின்று போன் ஒயர் மாதிரி இங்கே கேட்டதை அங்கே சொல்லிக்கொண்டிருந்தாள். சண்டை நடந்த அன்று அவளும் மருமகன் பக்கம் சேர்ந்து, "உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று புருஷனை நாலு பேர் முன்னால் கேட்டிருந்தாள்.

முந்தாநாள் சாயங்காலம் சங்கிலி இவன் கடைசல் எந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "மாப்ள, டீ சாப்பிட வாரீகளா?" இத்தனை மாதத்தில் நேராகக் கேட்ட முதல் வார்த்தை. மருதுவுக்கு நன்றாகக் கேட்டது. எந்திரச் சத்தத்தில் கேட்காத மாதிரி உளியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். விடிந்தபோது நெஞ்சு வலி என்று எழுந்து உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் முடிந்துபோனார்.

ஐப்பசி மழையில் சுடுகாட்டு விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. நெஞ்சின்மேல் வைக்கிற நெஞ்சாங்கட்டைக்குக் கனமான, காய்ந்த கட்டை வேண்டும் என்றார்கள். "மூலையில கெடக்கே, அதத் தூக்குங்க" என்று சொன்னவன் மருதுதான். கட்டை வாசலைத் தாண்டும்போது பாண்டியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நாளைக்குச் சாம்பல்ல பாருங்க மாப்ள. இரும்பு இருந்துச்சான்னு எனக்குத் தெரியணும்."

அவனுக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது. மாமனார் சொன்னது சரி என்றால் இவன் தோற்றவன். தோற்றவன் முறுக்கிக்கொண்டு திரிவது ஊர் உலகத்தில் உள்ளதுதான். தன் பக்கம் சரியாக இருந்தும், இறங்கி வந்து கூப்பிட்ட மனுஷனை நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினான் என்றால், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? சாமி, ஒரு ஆணி கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கிளறினான். இரும்பு எரிந்து போகாது. இருந்தால் கிடைக்க வேண்டும். இல்லை.

"என்னண்ணே தேடுறீக?" மயானத்தில் வேலை பார்க்கும் கருத்தக்கண்ணன் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஆணி."

"ஆணியா? எம்புட்டு வேணும்?" என்று கொட்டகை ஓரத்தைக் காட்டினான். திறந்த பெயிண்ட் டப்பா நிறைய ஆணிகள். பழைய கதவு, உடைந்த கட்டில் என்று எதையெதையோ போட்டு எரிக்கிறார்கள். காலில் குத்துகிறதென்று பொறுக்கிப் போட்டு வைத்திருக்கிறான்.

மருது குனிந்து, கொஞ்சம் வளைந்த பெரிய ஆணி ஒன்றை எடுத்தான்.

"ஐயய்ய, இங்கன உள்ள பொருள வீட்டுக்குக் கொண்டு போவாகளா? ஆகாதுண்ணே."

"ஆகாட்டி எனக்குத்தானே ஆகாது" என்று துண்டு முனையில் முடிந்துகொண்டான்.

கலயத்தை ஆற்றில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது பாண்டியம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"இருந்துச்சா மாப்ள?"

"இருந்துச்சு அத்தை. மாமா சொன்னதுதான் சரி." முடிச்சை அவிழ்த்து அவள் கையில் வைத்தான்.

அவள் ஆணியைப் பார்த்தாள். "சொன்னாரே... படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! கிறுக்குன்னேனே அந்த மனுசனை!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். நேற்று முழுக்க இப்படி அழவில்லை. ஓடி வந்த பெண்களிடம், "எங்க வீட்டுக்காரரு சொன்னா சொன்னதுதான். அன்னைக்கு அறுத்திருந்தா இந்தப் புள்ளைக்குக் கண்ணு போயிருக்கும்" என்றாள். சின்ன மாமா மருதுவை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கா மாப்ள வருசம் பூராம் அவர்ட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீக?"

மருது தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் திட்டு அவனுக்கு வேண்டியிருந்தது.

அவன் பெண்டாட்டி முத்துமீனா கால் கழுவத் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். சின்ன வயசிலிருந்து அப்பாவுக்கு உளியும் ஆணியும் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள். செம்பைத் திண்டில் வைத்துவிட்டு, அம்மா கையிலிருந்து ஆணியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ராத்திரி முழுக்க நெருப்பில் கிடந்த இரும்பு கருப்பாக இருக்கும். இதில் துரு. பல மழை பார்த்த துரு. அவள் கட்டைவிரலில் செம்மண்ணாக ஒட்டியது.

புருஷனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். ஆணியை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"காலக் கழுவிட்டு உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு, விரலைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டே போனாள்.