மஞ்சள் தலையன் சொன்னதும் செய்ததும்

எக்ஸ்ரே அறைக்குள் யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. வழுக்கி விழுந்தவர், ஏணியிலிருந்து சரிந்தவர், கதவிடுக்கில் விரலைக் கொடுத்தவர் என்று எல்லார் முகமும் எலுமிச்சம்பழம் கடித்த மாதிரிதான் இருக்கும். மலைப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிற கூட்டம் மட்டும் விதிவிலக்கு. ஒரு கையை இன்னொரு கையில் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு, முழங்கால் வரை மண்ணோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய வருவார்கள். வலிக்கிறதா என்று கேட்டால், "வலி உயிர் போகுது மேடம், ஆனா சூப்பரா இருந்துச்சு" என்பார்கள்.

அங்கே படம் எடுப்பவளுக்கு முதலில் இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் அக்கா. நமக்கும் அப்படியே இருக்கட்டும். எத்தனையோ வருஷமாக எலும்பைப் பார்த்தே பிழைக்கிறவள், ஒரு விஷயத்தைக் கவனித்துவிட்டாள். சிரித்துக்கொண்டு வருகிற இந்த ஆசாமிகள் எல்லாருக்கும் உடைவது ஒரே எலும்பு. உடைகிற இடமும் கிட்டத்தட்ட ஒன்றே, மணிக்கட்டுக்குச் சற்று மேலே.

எரிச்சல் போய் ஆர்வம் வந்தது. கையைப் பலகையில் சரியாக வைக்கிற சாக்கில் விசாரிக்க ஆரம்பித்தாள்.

"எங்க விழுந்தீங்க?"

"மேசையில மேடம்."

மேசை என்றால் ஊருக்குப் பின்னாலிருக்கும் மலைப்பாதையில் ஒரு தட்டையான பாறை. பாதை அதன் மேலேயே ஓடி, பாறை முடிகிற இடத்தில் பொசுக்கென்று முடிந்துவிடும். தொடையளவு பள்ளம். அதற்குக் கீழே மறுபடி சரிவு. சைக்கிளோடு அந்த விளிம்பைத் தாண்டி, கீழே விழாமல் இறங்குவதுதான் வித்தை.

"யாரப் பாத்துக் கத்துக்கிட்டீங்க?"

"மஞ்சத்தலையனத்தான். வேற யாரு?"

மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வீடியோ போடுகிற ஒருவருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் அது. எங்கோ ஒரு மலையில் இருந்துகொண்டு, ஊர் உலகத்துக்கெல்லாம் சைக்கிள் சொல்லிக்கொடுக்கிறார். அக்காவின் அறைக்கு ஆள் அனுப்புகிற வேலையையும் அவரே பார்க்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் அடுத்தவர் எலும்பாக இருந்தவரை வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு அவள் கூடப்பிறந்த தங்கையே வந்து நின்றாள், பல்லைக் காட்டிக்கொண்டு. அதே எலும்பு. அதே மேசை. ஆறி எழுந்து மறுபடி போய், பட்ட காலிலே படும் என்பார்களே, அப்படி அதே வலது கையில் இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டு வந்தாள். "அசையாதே" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, அக்கா அன்றைக்கு அதே படத்தை இரண்டு தடவை எடுத்தாள்.

தங்கை முடி வெட்டுகிறவள். நாலு நாற்காலி போட்ட கடை. அந்தக் கைதான் அவளுக்குச் சோறு. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "இன்னொரு தடவை உடைஞ்சா தகடு வைக்கணும். அப்புறம் இந்தக் கை பழையபடி கத்தரி பிடிக்கும்னு நான் உத்தரவாதம் தர முடியாது."

அன்றைக்கே அக்கா அந்த மலைச் சைக்கிளைப் பறிமுதல் செய்து தன் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து சாத்தினாள். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையிலிருக்கும் அவள் வீட்டுக்காரர் போகும்போதும் வரும்போதும் அதன் பெடலில் முழங்காலை இடித்துக்கொண்டு, "கைய உடைச்சது உன் தங்கச்சி, கால உடைச்சுக்கிறது நானா?" என்று புலம்பினார்.

மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தங்கை அமைதியாகச் சொன்னாள்: "கட்டுப் பிரிச்சு, கைக்குப் பலம் வந்ததும் மறுபடி போவேன்க்கா."

"ஏன்டி, பட்டது போதாதா? புத்தி எங்கடி போச்சு?"

"அவர் செய்றதத்தான் நானும் செய்றேன். அவர் விழல. நான் மட்டும் ஏன் விழுறேன்? அது தெரியாம எனக்குச் சோறு இறங்காது."

அதே கேள்விதான் அக்காவையும் பல மாதமாக அரித்துக்கொண்டிருந்தது.

திட்டி நிறுத்த முடியாத தங்கையை, அவள் ஏன் விழுகிறாள் என்று தெரிந்துகொண்டாவது காப்பாற்றுவோம் என்று, வேலை முடிந்து வந்த சாயங்காலங்களில் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள். அது ஒரு தனி உலகமாக இருந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல், சானலைப் பின்தொடரச் சொல்லியே பாதி வீடியோவை ஓட்டுகிற ஒருவன். கையில் குச்சியோடு தரையில் கோடு போட்டு விளக்குகிற ஓர் அம்மாள். அவளுக்குக் 'குச்சி டீச்சர்' என்று அக்கா பெயர் வைத்தாள். ஒரு புருஷன் பெண்டாட்டி ஜோடி, பாதி நேரம் சைக்கிள், மீதி நேரம் சண்டை. ஒருவர் பார்வை தூரத்தில் இருக்கட்டும் என்றார், இன்னொருவர் குதிகாலை இறக்கு என்றார், எல்லாருமே அடுத்தவர் சொல்வது தப்பு என்றார்கள்.

மஞ்சள் தலையன் மட்டும் சுருக்கமாக, சிரித்த முகமாக, ஒன்றையே சொன்னார். விளிம்பு வந்ததும் உடம்பைப் பின்னாடி கொண்டுபோங்க. இன்னும் பின்னாடி. பயமா இருந்தா இன்னும் கொஞ்சம் பின்னாடி. சொல்லிவிட்டு அவரே ஸ்லோமோஷனில் பூ உதிர்வது போல இறங்கிக் காட்டினார். இடுப்பு பின்சக்கரத்துக்கு மேலே, கை நீண்டு, முன்சக்கரம் எங்கோ முன்னால். பார்த்தால் பின்னாடி போன மாதிரிதான் இருந்தது.

'அய்யா, நீங்கள் சொன்னபடி செய்கிறவர்கள் எல்லாரும் ஏன் கையை உடைத்துக்கொள்கிறார்கள்?' என்று வீடியோவுக்குக் கீழே மரியாதையாக எழுதிக் கேட்டாள். பதிலுக்குச் சிவப்பாக ஓர் இதயம் வந்தது. எலும்பைப் பற்றிக் கேட்டால் இதயத்தைக் கொடுக்கிறவரை என்ன செய்வது?

ஆனால் அக்கா விடுகிற ஜாதி இல்லை. ஒரே ஒரு பக்கத்திலிருந்து எடுத்த படத்தை நம்பக்கூடாது என்பது அவள் தொழிலின் பாலபாடம். நேராகப் பார்த்தால் முழுசாக இருக்கிற எலும்பு, பக்கவாட்டில் பார்த்தால் இரண்டாக நிற்கும். மஞ்சள் தலையனின் வீடியோக்களில் கேமரா எப்போதும் அவர் கூடவே ஓடியது. அவர் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. அப்படியானால் எது எவ்வளவு நகர்ந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

அவர் சறுக்கியதையும் சொதப்பியதையும் தொகுத்துப் போட்டிருந்த வீடியோக்களைத் தேடினாள். ஒன்றின் கடைசியில், கேமராவைக் கல்மேல் மறந்து வைத்துவிட்டுப் போய் அவர் இறங்குகிற ஒரு துண்டு இருந்தது. கேமரா அசையவில்லை. ஆஸ்பத்திரிப் பையிலிருந்து காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை எடுத்தாள். வீடியோவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நிறுத்தி, ஒவ்வொரு முறையும் அவர் ஹெல்மெட் இருக்கும் இடத்தில் ஒரு துணுக்கு, ஹேண்டில்பார் இருக்கும் இடத்தில் ஒரு துணுக்கு என்று கணினித் திரையிலேயே ஒட்டிக்கொண்டே போனாள்.

"திரைக்கு என்னம்மா அடிபட்டுச்சு?" என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவள் கடைசித் துணுக்கை ஒட்டிவிட்டுச் சற்றுப் பின்னால் சாய்ந்தாள். ஒட்டிய வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையின் துணுக்குகள் ஒரே சீராக, சம இடைவெளியில் முன்னேறியிருந்தன. ஒன்றுகூடப் பின்வாங்கவில்லை. ஹேண்டில்பாரின் துணுக்குகள்தான் விளிம்பு வந்ததும் விலகி விலகி முன்னால் ஓடியிருந்தன.

அந்த மனிதர் பின்னாடி போகவே இல்லை! விளிம்புவரை முழங்கையை மடக்கிக் குனிந்து வந்து, சரியான நேரத்தில் சைக்கிளைத் தனக்கு முன்னால் தள்ளிவிட்டிருந்தார். கூடவே ஓடிய கேமராவுக்கு அவர் பின்னாடி போனதாகத் தெரிந்திருக்கிறது. அவர் பேச்சைக் கேட்ட அப்பாவிகளோ விளிம்பு வருவதற்கு முன்பே பின்னாடி போய், கையை முழுசாக நீட்டிவிட்டார்கள். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது நீட்டுவதற்குக் கை மிச்சமில்லை. ஹேண்டில்பார் அவர்களைப் பிடித்து முன்னால் இழுத்துக் கவிழ்த்தது. கவிழ்கிறவர் கையை ஊன்றாமல் என்ன செய்வார்?

தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினாள். தங்கை மசியவில்லை.

"அவரே வாயத் திறந்து பின்னாடி போங்கன்னு சொல்றாரு. நீ இல்லங்கிற. அவர் ஏன்க்கா பொய் சொல்லப்போறாரு?"

"பொய் இல்லடி. அவருக்கு அப்படித் தோணுது. நீ முடி வெட்டறப்போ சீப்ப எங்க வச்சுக்குவ?"

"சீப்பா? அது வந்து..." தங்கை முழித்தாள். "பொறு, செஞ்சு பாத்துத்தான் சொல்லணும்." கட்டுப்போட்ட கையோடு காற்றில் வெட்டிப் பார்த்தாள். சீப்பு இடது கட்டைவிரலுக்கு அடியில் தானாகப் போய் ஒளிந்துகொண்டது. தினமும் செய்கிற வேலை, கேட்டால் தெரியவில்லை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் எழுந்து போகும்போது ஒரு குத்து விட்டுவிட்டுத்தான் போனாள்: "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுக்கா. நீ ஒரு தடவகூட இறங்கினதில்ல."

குத்து சரியான இடத்தில் பட்டது. மறுநாளே அக்கா அந்தச் சைக்கிளை வெளியே எடுத்தாள். குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் நடைபாதை விளிம்பு ஒரு சாண் உயரம். அதிலிருந்து ஆரம்பித்தாள். தள்ளு. மறுபடி தள்ளு. முதலில் சைக்கிள் போகாமல் அவள் போனாள், முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அப்புறம் அதன் மேல் இரண்டு பலகை அடுக்கிய உயரம். அப்புறம் சரக்கு இறக்குகிற திண்டு. காய்கறிப் பையோடு வந்த பக்கத்து வீட்டுக்காரி நின்று பார்த்துவிட்டு, உங்க வீட்டம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே என்று வீட்டுக்காரரிடம் விசாரித்தாள். சரியாகத் தள்ளிய முதல் முறை, சக்கரம் தரையைத் தொட்டதே அக்காவுக்குத் தெரியவில்லை. அவ்வளவு மெத்தென்று இருந்தது. யாருக்காக ஆரம்பித்தோம் என்பதையே அன்று சாயங்காலம் முழுக்க மறந்திருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கட்டுப் பிரித்து, கைக்குப் பலம் வந்து, டாக்டரும் வேண்டாவெறுப்பாகத் தலையசைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் மலைக்குப் போனார்கள். கூட வருவேன் என்ற நிபந்தனையில்தான் அக்கா சைக்கிளை விடுவித்தாள்.

நேரில் பார்த்தபோது மேசை அக்கா நினைத்திருந்ததைவிட உயரமாக இருந்தது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்த தங்கையின் முகத்தில் ரத்தம் இல்லை. வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இவளுக்கும் பயம்தான், விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை என்று அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஹெல்மெட்டக் கழட்டி இங்க குடு," என்றாள் அக்கா.

"எதுக்கு?"

"நான் முதல்ல போறேன். நீ கீழ நின்னு படம் எடு. போன அசைக்காத."

"அக்கா, விளையாடாத. நீ வண்டி நிறுத்தற இடத்துல பழகினதெல்லாம் மாமா சொல்லிட்டாரு. அது வேற, இது வேற."

"வேறயா இல்லையான்னுதான் பாக்கப்போறேன்."

பாறையின் தொடக்கத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். இந்தக் கை போனால் நோயாளியைப் புரட்ட முடியாது, வேலையும் போகும். அதுவும் ஞாபகத்துக்கு வந்தது. ஏறி மிதித்தாள். பாறை சக்கரத்துக்கடியில் கரகரத்தது. குனிந்தாள், முழங்கையை மடித்தாள். விளிம்பு வந்தது. பின்னாடி போ என்று உடம்பு கெஞ்சியது. அவள் போகவில்லை. சைக்கிளைத் தள்ளினாள்.

ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை. அப்புறம் சரிவு வந்து சக்கரத்தை வாங்கிக்கொண்டது. கொஞ்ச தூரம் ஓடி, புதரோரம் பிரேக் பிடித்து நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

தங்கை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். போன் புல்லில் கிடந்தது.

"படம் எடுத்தியா?"

"படமா?" தங்கை கத்தினாள். "உனக்கு ஏதாவது ஆகியிருந்தா? கையோ காலோ போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்? நெஞ்சே நின்னுபோச்சு எனக்கு! உனக்கென்ன பைத்தியமா?"

அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, புல்லில் கிடந்த போனை எடுத்துத் துடைத்தாள். கத்தி முடித்த தங்கைக்கே தான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்திருக்க வேண்டும். எக்ஸ்ரே அறையில் இரண்டு முறை தன் கையைப் பலகையில் வைத்துப் படம் எடுத்த அக்கா என்ன பாடுபட்டிருப்பாள் என்று இப்போது தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேணாம்னு சொல்லுக்கா. நீ சொன்னா திரும்பிப் போயிடறேன். நெசமாத்தான்."

அக்கா இத்தனை மாதமும் இந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தாள். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் தங்கையின் கண் மறுபடி அந்த விளிம்புக்குப் போய்த் திரும்பியதையும் அவள் பார்த்தாள்.

"பின்னாடி போகாத," என்றாள். "நீ எங்கயும் போகாத. சைக்கிள அனுப்பு."

ஹெல்மெட் கைமாறியது. தங்கை மேலே போனாள். அக்கா கீழே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாறைமேல் கரகரவென்று சத்தம் கேட்டது, நெருங்கியது, நின்றது. சைக்கிள் முன்னால் பாய்ந்தது, தங்கை அதன் மேல் வந்தாள், சரிவில் இறங்கினாள், புதரைத் தாண்டியே போய்விட்டாள்.

"நான் போகவே இல்லக்கா!" என்று அங்கிருந்து அலறினாள். "சைக்கிள்தான்க்கா போச்சு!"

அக்கா ஓடிப்போய் முதலில் அந்த வலது கையைப் பிடித்தாள். எலும்பு நெடுகத் தடவிப் பார்த்தாள். விரல்களை மடக்கச் சொன்னாள், விரிக்கச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். போனில் பொத்தானை அமுக்கவே மறந்திருந்தாள். படம் எடுத்தே பிழைக்கிறவள்! தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

மூக்கைச் சிந்திவிட்டு அக்கா நிமிர்ந்தாள்.

"ஏன்டி, இறங்கறப்போ உனக்கு எந்தச் சக்கரம் முதல்ல தரையத் தொட்டுச்சு?"

தங்கை யோசித்தாள். "தெரியலையே. உனக்கு?"

அக்காவும் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. இருவரும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினார்கள்.