செண்பகத்தை நம்பாத வெள்ளணுக்கள்

1953ஆம் வருடம் ஆடி மாதம், ஆம்பூர் செண்பகத்தின் ரத்தத்திலிருந்த வெள்ளணுக்கள் அவளை வெளியாள் என்று முடிவு செய்தன. யாராவது அவள் மணிக்கட்டருகே நின்றாலே அவை பேசுவது தெளிவாகக் கேட்டது: “யாரு நீ? எந்த ஊரு? இங்க இன்னா வேலை?” கிருமிகளைப் பிடிக்க வேண்டிய காவல், முதலில் விரல் கணுக்களை விசாரித்தது, பிறகு முழங்கால்களை. மூக்கின் இருபுறமும் கன்னங்கள் சிவந்து தடித்தன. முடி கொத்தாகச் சீப்போடு வந்தது. உட்கார்ந்தாலும் படுத்தாலும் விசாரணை ஓயவில்லை என்பதால் செண்பகம் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டேயிருந்தாள். “நான்தான்டா, என் உடம்புடா இது” என்பாள். “எல்லாரும் அப்டித்தான் சொல்வாங்க” என்று பதில் வரும்.

டாக்டர் ராமமூர்த்தி எல்.எம்.பி., ஆஸ்பத்திரியைவிட நீளமான பெயர்ப்பலகை உடையவர், முதல் வாரம் வாதம் என்றார், இரண்டாம் வாரம் மனப்பிரமை என்றார். குரலைத் தம் காதாலேயே கேட்ட பிறகு, ஒழுங்கீனம் என்று கண்டறிந்து மணிக்கட்டுக்கு அரைமணி நேரம் ஆங்கிலத்தில் உபதேசம் செய்தார். அணுக்களுக்குத் தமிழ் மட்டுமே தெரிந்திருந்தது.

அவள் கணவன் தானியேல், அப்துல் ஹமீத் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் அச்சு போடுகிறவன். நாலு பேர் தோல் ஒரே தொட்டியில் ஊறினாலும், வாலோரத்து அச்சைப் பார்த்து அவரவர் சரக்கைப் பிரித்துவிடலாம். “இவளுக்கும் ஒரு அச்சு போட்டுட்டா, நம்மாளுன்னு தெரிஞ்சுக்க மாட்டானுங்களா, டாக்டர் சார்?” என்றான். டாக்டர் கண்ணை மூடி யோசித்து, அதைத் தம் யோசனையாக அறிவித்து, போட்டோக்காரரை வரவழைத்தார். மையில் தோய்த்த அச்சு செண்பகத்தின் முன்கையில் பதிந்தது. உள்ளே அணுக்கள் அச்சைச் சுற்றிக் கூடின. பிறகு ஒரு குரல்: “டேய், இது சாயபு சரக்குடா! இங்க எப்டி வந்துச்சு?”

அன்று மாலையே அவை சிறுநீரகத்துக்குள் புகுந்தன. காலும் முகமும் ஊதின. “பாத்தீங்களா, வேலை செய்யுது!” என்றார் டாக்டர்.

“செத்துடுவேன் போலிருக்குய்யா” என்றாள் செண்பகம். தானியேல் அவளைக் காட்பாடி ரயிலில் ஏற்றி, வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே பட்டம்மாள் என்ற லேடி டாக்டர், போட்டோ எதுவும் எடுக்காமல், நெடுநேரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஒரு வெள்ளணு இன்னோர் அணுவின் உட்கருவை முழுசாக விழுங்கிவிட்டு உப்பிக்கொண்டிருந்தது. “இவனுங்களுக்கு வீட்டு ஆளையே அடையாளம் தெரியலம்மா. ஞாபகம் வரவைக்க மருந்து இல்ல. தூங்கவைக்க இருக்கு. ஜாஸ்தி தூங்கிட்டா நிஜத் திருடன் வந்துடுவான். அரைத் தூக்கம்தான்.”

கார்ட்டிசோன் மாத்திரையில் அவை கொட்டாவி விட்டன. செண்பகம் மூன்று வருடத்தில் மாத்திரையில் ஊதிய முழுநிலா முகத்தோடு பிழைத்து எழுந்தாள். மழைக்காலத்தில் மட்டும் ஒன்றிரண்டு விழித்து எதையாவது கேட்கும்.

1961இல் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்த நந்தகோபால் வாசலில் நின்று, “பேரு இன்னாம்மா?” என்றார். “யாரு நீ?” என்றது மணிக்கட்டு.

“உங்கள இல்ல சார், என்னைக் கேக்குறானுங்க. செண்பகம்னு போட்டுக்குங்க. இந்த உடம்புல குடியிருக்கிறது நான் ஒருத்திதான்.”

நந்தகோபால் அவள் பேருக்கு நேரே ஒன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.