நல்லவேளை, இடது கை

...இனி ஒருத்தர் 'நல்லவேளை, இடது கையாச்சே' என்று சொன்னால் மிச்சமிருக்கிற கையால் ஓங்கி ஒன்று வைத்துவிடத்தான் போகிறாள், மகன் சொன்னான், மருமகள் சொன்னாள், எக்ஸ்ரே எடுத்தவர்கூடச் சொன்னார், இப்போது இந்த டாக்டரம்மாவும் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டே அதையே சொல்கிறாள், ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து மேற்கை எலும்பு தோளோடு சேருகிற இடத்தில் நாலு துண்டாகக் கிடக்கிறது, இதில் என்ன நல்லவேளை? வலது கை எழுதும், சாப்பிடும், சரி... இடது கைக்கென்று தினமும் காலையில் ஒரு வேலை இருக்கிறதே, கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை, இவர்களெல்லாம் அதைச் செய்வதே இல்லையா?

டாக்டர் மேசைமேல் இரண்டு பிளாஸ்டிக் தோள்களை வைத்து, மகனைப் பார்த்துப் பேசினாள். "ஒண்ணு, எலும்பு நுனியில இருக்கிற பந்தை மட்டும் மாத்துறது. உடைஞ்ச துண்டெல்லாம் அதோட சேர்ந்து ஒட்டிக்கிட்டா நல்லது, ஒட்டலேன்னா கையைத் தூக்கவே வராது. இன்னொண்ணு தலைகீழ் மூட்டு, குழி இருந்த இடத்துல பந்து, பந்து இருந்த இடத்துல குழி. இவங்க வயசுக்கு இதைத்தான் நம்பலாம். பின்பக்கம் கொண்டு போறது மட்டும் கொஞ்சம் குறையலாம்." கொஞ்சம் என்றால் எவ்வளவு, இடுப்பு வரை போகுமா, அதற்குக் கீழே போகுமா, அந்த ஒரு சாணில்தானே எல்லாம் இருக்கிறது, கேள், இப்போதே கேள்... அதற்குள் மகன் முந்திக்கொண்டான், "மேல எவ்வளவு டாக்டர் தூக்கலாம்? தலைக்கு மேலயா?" குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போதும் இப்படித்தான், இரண்டு மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடைக்காரன் உயிரை எடுப்பான். "அம்மா, மேல் அலமாரி எட்டும்மா!" எட்டி? அங்கே இருப்பது பூட்டு துருப்பிடித்த ஒரு பெட்டி, அதை எடுத்து இவள் எந்த ஊருக்குப் போகப் போகிறாள்?

மருமகள் தங்கம், முகம் சுளிக்காமல் கழுவிவிடுகிறாள், அதுதான் தாங்க முடியவில்லை, சுளித்தாலாவது சண்டை போடலாம்... அவளுக்குப் பயந்து அல்ல, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குப் பயந்துதான் இவள் அரை வயிறு சாப்பிடுகிறாள், "பசிக்கலைம்மா" என்று பொய் சொல்கிறாள். வலது கையால் ஒருமுறை முயன்று பார்த்தாள், எட்டியது, ஆனால் அன்று முழுவதும் அந்தக் கையால் சோற்றைத் தொடப் பிடிக்கவில்லை. இந்தக் கை பின்னால் போகாவிட்டால் தன் வீட்டுக்குத் தனியாகத் திரும்ப முடியாது, மகன் வீட்டு நடு அறையிலேயே காலம் முடிந்துவிடும், அவ்வளவுதான் விஷயம், இதைச் சொல்ல என்ன கஷ்டம்? பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் இத்தனை வருஷம் நா பிறழாமல் அறிவிப்புச் செய்தவள், ஊரே கேட்கப் பேசியவள்... மகன் பக்கத்தில் நிற்கிறான், அதுதான், அவன் வாய் ஓய்ந்தால்தானே இவள் வாய் திறக்க, தன் கையைப் பற்றிக்கூட அவன்தான் பேச வேண்டுமா?

அவன் போன் அடித்தது. "ஒரு நிமிஷம் டாக்டர்" என்று வெளியே போனான், கதவு சாத்திக்கொண்டது.

"நாளைக்குக் காலையில ஆபரேஷன் வச்சிருக்கோம், எதுன்னு இன்னிக்கே முடிவு பண்ணணும். நீங்க ஏதாவது கேக்கணுமாம்மா?" பெண் டாக்டர், அறையில் வேறு யாரும் இல்லை, எத்தனையோ பேரின் எலும்பையும் சதையையும் பார்த்தவள், இதற்கா முகம் சுளிக்கப் போகிறாள்... வாக்கியம்கூடத் தயாராக இருந்தது, காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம். இவள் வாயைத் திறந்தாள்.

"மேல... எவ்வளவு தூக்கலாம் டாக்டர்?"

டாக்டர் சந்தோஷமாகப் பிளாஸ்டிக் கையை மறுபடி உயர்த்திக் காட்ட ஆரம்பித்தாள். இவள் தலையாட்டினாள். வெளியே தாழ்வாரத்தில் மகன் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது கேட்டது, அவன் அங்கேதான் இருக்கிறான், கதவுக்கு அந்தப் பக்கம்... அப்படியென்றால் இங்கே, இவ்வளவு நாளாய், இவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது யார்?