சிரிக்கிற படம்

மேனுகா நூலகத்துப் படலையைப் பிடித்து உலுப்பினாள். வீட்டில் அப்பாவின் உடலைக் கிடத்திவிட்டு மகள் ஸ்கூட்டியில் ஓடித்திரிகிறாள் என்று சனம் கதைக்கும். கதைக்கட்டும். பின்நேரம் எடுக்கப் போகிறார்கள், அதற்குள் அஞ்சலிப் பனர் அடித்தாக வேண்டும்.

பனருக்குப் படம் இல்லை. சண்டைக்குள் ஓடின ஓட்டத்தில் அல்பம் எங்கேயோ போயிற்று. அதற்குப் பிறகும், போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்புகிற மனிதர் அப்பா. மிஞ்சியது முகாமில் வைத்து அடையாள அட்டைக்கு எடுத்தது மட்டும்: ஒட்டின கன்னம், பயந்த கண். “அந்த முகத்தை வைச்சியளெண்டால் நான் வெளியிலை வரமாட்டன்,” என்று அம்மா இரஞ்சிதம் காலையிலேயே சொல்லிவிட்டார்.

அப்பா தில்லைநாதன் நூலகத்துக் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். நேற்று ஒன்றுக்குப் புதுக் கமரா பூட்டி, வேலை செய்கிறதா என்று தன்னையே எடுத்துப் பார்த்திருக்கிறார். உடனே வீட்டுக்குப் போன். “இஞ்சேரும், என்ரை படம் ஒண்டு நல்லாய் வந்திருக்கு. சிரிச்சுக்கொண்டிருக்கிறன்! இன்ரநெற்றும் இல்லை, பென் ட்ரைவையும் மறந்திட்டன். மிசினை நிப்பாட்டாமல் விட்டிட்டு நாளைக்கு எடுத்துக்கொண்டு வாறன்.”

நிப்பாட்டினால் போய்விடும். வருகிறவர்கள் கண்டதையும் ஏற்றிக் கெடுக்கக்கூடாதென்று, ஒவ்வொரு முறையும் எல்லாம் துடைபட்டுப் புதிதாக எழும்பும்படி செய்து வைத்தவர் அவரேதான். “பென்னிலை ஏத்துங்கோ, பிறகு என்னட்டை வந்து அழாதேங்கோ,” என்று சொல்லிச் சொல்லியே களைத்த மனிதர். நேற்றுப் பின்நேரமே அதே மிசினுக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். வவுனியா ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் தாங்கவில்லை.

உள்ளேயிருந்து நூலக உதவியாளர் கமலாசனி ஓடிவந்தார். கொம்பியூட்டர் பக்கமே போகாத ஆள், அது தில்லைநாதனின் இராச்சியம். மேனுகாவைக் கண்டதும் கட்டிப்பிடித்துக் குழறினார்.

“அன்ரி, அப்பான்ரை மிசின் ஓடிக்கொண்டுதானே கிடக்கு?”

“எப்பிடியம்மா ஓடவிடுறது? அந்த மனிசன் இல்லாமல் அது தனிய மினுங்கிக்கொண்டு கிடந்ததைப் பாக்கச் சகிக்கேல்லை. இண்டைக்கு அவருக்காக நூலகம் பூட்டு. மெயின் சுவிச்சை என்ரை கையாலைதான் நிப்பாட்டினனான். வாசலிலை கறுப்புத்துணியும் கட்டிப்போட்டன்.”

மேனுகா உள்ளே ஓடினாள். சுவிச்சைப் போட்டாள். மிசின் உறுமி எழும்பியது. துடைத்துவிட்ட நீலத் திரை. மூலைமுடுக்கெல்லாம் திறந்து பார்த்தாள். அப்பாவின் வேலையில் ஒருநாளும் பிழை வந்ததில்லை, இன்றைக்கும் வரவில்லை.

“என்னம்மா தேடுறாய்?”

ஐயோ, இதை எப்படிச் சொல்வது? மரியாதைக்குச் செய்த காரியம். சொன்னால் இந்தப் பாவம் சாகும்வரை அதையே நினைத்து அழும். கத்த வேண்டும் போலிருந்தது, கத்துவதற்கு ஆளில்லை.

“ஒண்டுமில்லை அன்ரி. சும்மா ஒருக்காப் பாப்பமெண்டு.”

நெடுங்கேணியில் பனர் அடிக்கிறவர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கோட்டும் கழுத்திலை ரையும் போட்டுவிடுறன் தங்கச்சி. கன்னத்தையும் கொஞ்சம் நிரப்பலாம்.”

“கண்ணை?”

“கண்ணிலை கை வைக்கேலாது. ஆள் மாறிடும்.”

“படம் எடுக்கேலாமல் போச்சு,” என்று மட்டும் வீட்டில் சொன்னாள். வேலியில் பனர் ஏறியது. வாழ்நாளில் போடாத கோட்டுக்குள் இருந்து அப்பா பயந்து பார்த்தார். அம்மா வாசல்வரை வந்தார், பார்த்தார், திரும்பிப் போய்த் தலைமாட்டில் குந்திக்கொண்டார். திட்டியிருந்தாலாவது மேனுகாவுக்கு ஆறியிருக்கும்.

மலர்வளையத்தோடு வந்த கமலாசனி பனரைக் கண்டு நெஞ்சில் கை வைத்தார். நேரே அம்மாவிடம் போனார்.

“அக்கா, ஏன் இந்தப் படம்? சிரிக்கிற படம் அங்கை மிசினிலை கிடக்கே! நேற்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினவர். நாளைக்குத் திறந்தவுடனை ஆரையும் பிடிச்சு எடுப்பிச்சுத் தாறன்.”

காலையிலிருந்து முதல் தடவையாக அம்மாவின் முகம் தெளிந்தது. கமலாசனியின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஓமோ தங்கச்சி? அப்ப முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்திலை அதையே போடுவம். என்ன, மேனு?”

கமலாசனியும் அம்மாவும் அவளையே பார்த்தார்கள்.

“ஓம் அம்மா,” என்றாள்.

வெளியே காற்றுக்குப் பனரின் ஒரு பக்கம் அவிழ்ந்து அடித்தது. மேனுகா எழும்பிப் போய், கயிற்றை வேலிக் கதியாலில் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.